டாலி கப்பல் விபத்து: அமெரிக்கப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை ஆவணச் சேவை பற்றி ஒரு மதிப்புரை

பால்டிமோர் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட டாலி என்ற சரக்குக் கப்பல் மின்சாரம் இழந்து பாலத்தின் தூணில் மோதிய விபத்தை விசாரித்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், அந்த விசாரணையின் பெரும்பகுதியைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்து வைத்திருக்கிறது. முதல்நிலை அறிக்கை, பாலங்களைப் பற்றிய இடைக்கால அறிக்கை, இறுதி அறிக்கை, சோதனைக் குறிப்புகளும் புகைப்படங்களும் அடங்கிய ஆவணக் கோப்பு, வாரியக் கூட்டத்தின் காணொளி ஆகிய எதற்கும் கட்டணம் கிடையாது. பெயரைப் பதிவு செய்ய வேண்டியதும் இல்லை. அந்த நாட்டு மக்களின் வரிப்பணத்தில் நடக்கும் இச்சேவையை உலகின் எந்த மூலையில் இருப்பவரும் பயன்படுத்திக்கொள்ளலாம். கப்பல்களின் மின்பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் இவற்றை ஆரம்பம் முதலே படித்து வருகிறேன். கடல் தொழிலில் இருப்பவர்களுக்கும், அவர்களுடைய குடும்பத்தினருக்கும், பாலம், சாலை, துறைமுகம் சார்ந்த பணிகளில் இருப்பவர்களுக்கும் இது எந்த அளவுக்குப் பயன்படும், எங்கே ஏமாற்றம் தரும் என்பதைச் சொல்லவே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

நிகழ்வைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. 2024 மார்ச் 26ஆம் தேதி, நள்ளிரவு கடந்து ஏறத்தாழ 12.39 மணிக்கு, சிங்கப்பூர்க் கொடி தாங்கிய டாலி கப்பல் பால்டிமோரின் சீகர்ட் முனையத்திலிருந்து புறப்பட்டது. அது போய்ச் சேர வேண்டிய இடம் கொழும்பு. ஏறத்தாழ 300 மீட்டர் நீளமுள்ள அந்தக் கப்பலில் 4,680 கொள்கலன்கள் இருந்தன. பணியாளர்களில் 20 பேர் இந்தியர்கள், ஒருவர் இலங்கையர். துறைமுகக் கால்வாயில் வழிநடத்துவதற்காக உள்ளூர் பைலட்டுகள் இருவரும் ஏறியிருந்தனர். 1.25 மணியளவில் கப்பல் இருளில் மூழ்கியது. நான்கு நிமிடங்களில், மணிக்குச் சுமார் 12 கிலோமீட்டர் வேகத்தில், அது பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் 17ஆம் எண் தூணில் மோதியது. பாலத்தின் மைய இரும்புக் கட்டமைப்பு முழுவதும் சில நொடிகளில் படாப்ஸ்கோ ஆற்றில் சரிந்தது. பாலத்தின் மேல் இரவுப் பணியில் சாலைக் குழிகளை அடைத்துக்கொண்டிருந்தவர்களில் ஆறு பேர் இறந்தனர்.

இறுதி அறிக்கைக்கான வாரியக் கூட்டம் 2025 நவம்பர் 18ஆம் தேதி நடந்தது. அன்று உலகெங்கும் செய்தித்தாள்கள் போட்ட தலைப்பு ஏறத்தாழ ஒன்றுதான்: ஒரே ஒரு தளர்ந்த வயரால் பாலம் விழுந்தது. அது பொய்யில்லை. ஆனால் அந்தத் தலைப்போடு நிறுத்திக்கொண்டவர்களுக்கு இந்த விசாரணையின் கால்பங்குகூடக் கிடைக்கவில்லை என்றே சொல்வேன். வாரியம் செய்திருக்கும் வேலையின் சிறப்பு, அந்த வயரைக் கண்டுபிடித்ததில் எவ்வளவு இருக்கிறதோ, அதைக் கண்டுபிடித்த பிறகும் கேள்வி கேட்பதை நிறுத்தாமல் போனதில் அதைவிட அதிகமாக இருக்கிறது.

முதலில் வயரைப் பற்றியே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் என் போன்றவர்களை உட்கார வைத்துப் படிக்கச் செய்த பகுதி அதுதான். டாலியில் நான்கு டீசல் ஜெனரேட்டர்கள் 6,600 வோல்ட் மின்சாரத்தை உற்பத்தி செய்கின்றன. பம்புகள், சுக்கான் இயந்திரம், விளக்குகள், வழிநடத்தும் கருவிகள் ஆகியவற்றுக்கு வேண்டிய 440 வோல்ட் மின்சாரம், இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்களில் ஏதேனும் ஒன்றின் வழியாக இறங்கி வருகிறது. விபத்து நடந்த இரவில் ஓடிக்கொண்டிருந்தது முதலாவது டிரான்ஸ்ஃபார்மர். அதன் உயர் அழுத்தப் பக்கத்து பிரேக்கர், அதாவது மின்சுற்றைத் துண்டிக்கும் சுவிட்ச், எந்த ஆணையும் இல்லாமல் தானாகத் திறந்துகொண்டது. தாழ் அழுத்தப் பக்கத்து பிரேக்கரும் உடன் திறந்துகொண்டது; பிரேக்கர் விழுந்தது என்று நாங்கள் சொல்வது இதைத்தான். பிரேக்கரை மூடிய நிலையில் வைத்திருக்கும் கட்டுப்பாட்டுச் சுற்றில் ஒரு சிறிய சிக்னல் வயர், வயர் நுனிகளைச் சொருகும் இணைப்புக் கட்டையான டெர்மினல் பிளாக்கில் சரியாக உட்காராததுதான் அதற்குக் காரணம் என்று வாரியம் நிறுவியிருக்கிறது.

ஏன் உட்காரவில்லை என்பதைக் காட்டும் படங்களைத்தான் நான் மீண்டும் மீண்டும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்விட்ச்போர்டு பேனல்களில் இருக்கும் ஒவ்வொரு வயரின் நுனியிலும் ஃபெர்ரூல் என்று நாங்கள் சொல்லும் மெல்லிய உலோகக் குழல் அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும். அதற்குச் சற்று மேலே, அது எந்தச் சுற்றின் வயர் என்று எண் அச்சிட்ட ஒரு சிறிய பட்டை இருக்கும். இந்த வயரில் அந்தப் பட்டை நுனிப்பக்கமாகக் கீழே இறங்கியிருந்ததால், டெர்மினல் பிளாக்கின் துளை விளிம்பில் தடுக்கப்பட்டு, ஃபெர்ரூல் உள்ளே முழுமையாகப் போகாமல் நின்றுவிட்டது. உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பிடிப்பு அதன் உடலைக் கவ்வவில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வயர் ஒழுங்காகச் சொருகப்பட்டிருப்பதாகவே தோன்றும். எண்பட்டை என்பது, பழுது பார்க்க வருபவர் தவறான வயரைத் தொட்டுவிடக் கூடாது என்பதற்காக வைக்கப்படுவது. பாதுகாப்புக்காக வைத்த அதுவே பிடிப்பைத் தடுத்திருக்கிறது.

இதைக் கண்டுபிடித்த விதமும் ஆவணங்களில் படிப்படியாக இருக்கிறது. சந்தேகத்துக்குரிய டெர்மினல் பிளாக்கைக் கழற்றி எடுத்து ஆராய்ந்ததில் இணைப்பில் இடைவெளி இருந்தது தெரிந்தது. அதே இடத்தில் வயரைப் பிரித்துச் சோதித்தபோது, விபத்து இரவில் நடந்ததைப் போன்ற மின்தடை கப்பலில் மறுபடியும் ஏற்பட்டது. 2024 செப்டம்பரிலேயே இந்தக் குறிப்புகள் வெளியிடப்பட்டன. தளர்ந்த வயரைத் தேடியதை ஈபிள் கோபுரத்தில் தளர்ந்த ஒரு ரிவெட்டைத் தேடுவதோடு வாரியத் தலைவர் ஜெனிஃபர் ஹோமண்டி ஒப்பிட்டார். கப்பலின் நீளமும் அந்தக் கோபுரத்தின் உயரமும் ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால் அந்த ஒப்பீடு அளவிலும் பொருந்துகிறது. இத்தகைய தளர்வுகளைக் கண்டறிய வெப்பப் படக் கருவியைப் பயன்படுத்துவது பற்றியும் வாரியம் பேசியிருக்கிறது. புதிதாகச் சொருகிய வயரை விரலால் மெல்ல இழுத்துப் பார்க்கும் பழக்கம் எங்கள் தொழிலில் பழையது. பேனலின் கதவை மூடுவதற்கு முன் அதைச் செய்யாதவரை மூத்தவர்கள் விடமாட்டார்கள். ஆனால் ஒரு பெரிய கப்பலில் ஆயிரக்கணக்கான இணைப்புகள் இருக்கின்றன. அத்தனையையும் கையால் இழுத்துப் பார்த்துத் தீராது. அந்த வகையில் வாரியத்தின் கருத்து நடைமுறைக்கு நெருக்கமானது.

அடுத்த கேள்வி: ஒரு பிரேக்கர் விழுந்தால் மற்றொரு டிரான்ஸ்ஃபார்மர் உடனே பாரத்தை ஏற்றிருக்க வேண்டுமே, அது ஏன் நடக்கவில்லை? டிரான்ஸ்ஃபார்மர் மாற்றும் அமைப்பு கையால் இயக்கும் நிலையில் வைக்கப்பட்டிருந்தது என்பதை அறிக்கை காட்டுகிறது. தானியங்கி நிலையில் இருந்திருந்தால் பத்து நொடிகளுக்குள் இரண்டாவது டிரான்ஸ்ஃபார்மர் இணைந்திருக்கும்; பணியாளர்கள் கையால் மீட்க ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆயிற்று. இருட்டில், எல்லா அலாரங்களும் ஒரே நேரத்தில் அலறும்போது, ஒரு நிமிடத்தில் பிரேக்கர்களை மீண்டும் மூடியது திறமையான வேலை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் பிரதான இயந்திரம் அதற்குள் நின்றுவிட்டது. குளிர்விக்கும் நீரின் பம்ப் நின்று அழுத்தம் குறைந்ததால், இயந்திரத்தைக் காப்பதற்கான அமைப்பு அதைத் தானாகவே நிறுத்திவிட்டது. புரொப்பெல்லர் சுழலாதபோது சுக்கானின் மேல் பாயும் நீரோட்டம் வலுவிழக்கிறது. சுக்கானைத் திருப்பினாலும் கப்பல் முழுமையாகத் திரும்பாது. ஒரு லட்சம் டன்னுக்கு மேல் எடையோடு நகர்ந்துகொண்டிருந்த அந்தக் கப்பலுக்குப் பாலம் ஒரு கிலோமீட்டர் தொலைவில்தான் இருந்தது.

இரண்டாவது மின்தடையைப் பற்றிய பகுதியே என்னை அதிகம் வருத்தியது. மீண்டு வந்த மின்சாரம் பாலத்துக்குச் சுமார் 300 மீட்டர் இருக்கும்போது மறுபடியும் போனது. மூன்றாம், நான்காம் எண் ஜெனரேட்டர்களுக்கு எரிபொருள் போதிய அழுத்தத்தில் வரவில்லை. அவற்றுக்கு எரிபொருள் கொடுத்துக்கொண்டிருந்தது ஃபிளஷிங் பம்ப், அதாவது குழாய்களைக் கழுவிவிடும் வேலைக்காக வைக்கப்பட்ட பம்ப். முறையான எரிபொருள் பம்புகளில் ஒன்று நின்றால் மற்றொன்று தானாக ஓடத் தொடங்கும். மின்சாரம் திரும்பினால் மீண்டும் இயங்கும். இந்தப் பம்புக்கு அந்த வசதி கிடையாது. யாராவது போய்க் கையால் இயக்கினால்தான் உண்டு. முதல் மின்தடையில் நின்ற பம்ப் நின்றபடியே இருக்க, குழாயில் மிச்சம் இருந்த எரிபொருளின் அழுத்தம் இறங்கியதும் ஜெனரேட்டர்கள் நின்றுபோயின. இப்படி இயக்குவது வழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது என்பதையும், அதைக் கவனித்துத் திருத்தியிருக்க வேண்டிய நிர்வாகக் கண்காணிப்பு போதவில்லை என்பதையும் வாரியம் மறைக்காமல் எழுதியிருக்கிறது. வேலை சுலபமாக நடக்கிறது என்பதற்காகக் கைக்கொண்ட ஒரு வழி, வேலை நடக்கும் வரை யார் கண்ணிலும் படாது. கப்பலில் பணியாற்றும் ஒவ்வொருவரும் இந்தப் பக்கங்களைத் தங்கள் இயந்திர அறையை மனத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

முதல்நிலை அறிக்கையில் இன்னொரு செய்தி இருக்கிறது. பலர் அதைத் தவறாகப் புரிந்துகொண்டனர். புறப்படுவதற்கு ஏறத்தாழ பத்து மணி நேரம் முன்பு, துறைமுகத்தில் கட்டியிருந்தபோதே கப்பலில் இரண்டு முறை மின்தடை ஏற்பட்டது. பராமரிப்பு வேலையின்போது ஒருவர் ஜெனரேட்டரின் புகைபோக்கித் தடுப்பைத் தவறுதலாக மூடிவிட்டதால் முதலாவது நேர்ந்தது. அதே பழுதோடுதான் கப்பல் புறப்பட்டது என்று அப்போது பலரும் பேசினர். துறைமுகத்தில் நேர்ந்த மின்தடைகளுக்கும் விபத்தின்போது நேர்ந்தவற்றுக்கும் வேறு வேறு இயந்திரக் காரணங்கள் என்று வாரியம் பிரித்துக் காட்டுகிறது. ஆனால் அவற்றுக்கிடையே ஒரு தொடர்பு உண்டு: பல மாதங்களாகப் பயன்பாட்டில் இருந்த இரண்டாவது டிரான்ஸ்ஃபார்மரை விட்டுவிட்டு, அன்றைய மின்தடைகளுக்குப் பிறகு முதலாவதற்கு மாற்றினர். சரியாகச் சொருகப்படாத வயர் இருந்த பிரேக்கர் அந்த மாற்றத்தால்தான் பணிக்கு வந்தது. இவ்வளவு முக்கியமான ஒன்றை அறிக்கை தனக்கே உரிய சமநிலைக் குரலில் ஒரு பத்தியில் சொல்லிக் கடந்துவிடுகிறது. தொழில் தெரியாத வாசகர் அதன் கனத்தை உணராமலே போய்விடக்கூடும். இது இந்தச் சேவையின் குறை என்றே எண்ணுகிறேன்.

குறைகளைப் பற்றிப் பேசத் தொடங்கியதால் மற்றவற்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஆவணக் கோப்பு பெரியது. ஆவணங்கள் எண் வரிசையில் கிடக்கின்றன. எதை முதலில் படிப்பது, எது எதற்கு விளக்கம் என்று கைகாட்டும் முன்னுரை எதுவும் இல்லை. மின்சுற்று வரைபடங்கள் தொழில்முறைக் குறியீடுகளில் அப்படியே தரப்பட்டிருக்கின்றன. பிரேக்கர்களின் சுருக்கப் பெயர்கள் அறிக்கை முழுவதும் நிறைந்திருப்பதால், ஒரு தாளில் அவற்றை எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் தொடர்ந்து படிப்பது கடினம். கடலுக்கு ஓர் அளவு, தரைக்கு ஓர் அளவு என்று நீளமும் தொலைவும் பலவகை அலகுகளில் வருகின்றன. விபத்திலிருந்து இறுதி முடிவு வரை ஏறத்தாழ இருபது மாதங்கள் ஆகியிருக்கின்றன. இத்தனை நுணுக்கமான வேலைக்கு அது அதிகமில்லை என்றாலும், வீட்டில் ஒருவரை இழந்தவர்களுக்கு அது நெடுங்காலம்.

காத்திருந்த காலத்தில் வாரியம் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2025 மார்ச்சில் பாலங்களைப் பற்றி மட்டும் தனி அறிக்கை ஒன்றை வெளியிட்டது. என் கணிப்பில் இந்த விசாரணை முழுவதிலும் அதிகப் பேருக்குப் பயன்படக்கூடிய ஆவணம் அதுதான். கீ பாலம் 1977இல் திறக்கப்பட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1980இல், புளூ நகோயா என்ற ஜப்பானியக் கொள்கலன் கப்பல் கட்டுப்பாடு இழந்து அதே பாலத்தின் தூண் ஒன்றில் மோதியிருக்கிறது. அப்போது பாலத்துக்குப் பெரிய சேதமில்லை. டாலி அதைப் போலப் பத்து மடங்கு பெரியது. அதே 1980இல், மே மாதம், புளோரிடாவின் தம்பா விரிகுடாவில் சம்மிட் வெஞ்சர் என்ற கப்பல் சன்ஷைன் ஸ்கைவே பாலத்தில் மோதி 35 பேர் இறந்தனர். அந்தச் சோகத்துக்குப் பிறகுதான் அமெரிக்க மாநில நெடுஞ்சாலை அதிகாரிகளின் சங்கம், கப்பல் மோதினால் ஒரு பாலம் விழும் வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிடும் முறையை 1991இல் வகுத்தது. 1994 முதல் புதிய பாலங்களுக்கு அது கட்டாயமாயிற்று. ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த பாலங்களுக்குப் பரிந்துரை மட்டுமே இருந்தது.

கீ பாலத்துக்கு அந்தக் கணக்கை யாரும் போடவில்லை. விபத்துக்குப் பிறகு, பாலத்தின் பொறுப்பாளரான மேரிலாந்துப் போக்குவரத்து ஆணையத்திடமிருந்து விவரங்களைப் பெற்று வாரியமே போட்டுப் பார்த்தது. முக்கியமான பாலங்களுக்கு ஏற்கத்தக்கது என்று வகுக்கப்பட்ட எல்லையைப் போல ஏறத்தாழ 30 மடங்கு அபாயத்தில் அது இருந்திருக்கிறது. இந்த எண்ணைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட கோபம் இன்னும் தணியவில்லை. கணக்கிடும் முறை கையில் இருந்தது. கால்வாயில் போகும் கப்பல்களின் அளவு ஆண்டுக்கு ஆண்டு பெருகியது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. தூண்களைச் சுற்றியிருந்த பாதுகாப்புத் திட்டுகள் பழைய காலத்துக் கப்பல்களுக்கே உரிய அளவில் இருந்தன. டாலி அவற்றைத் தொடாமலே உள்ளே வந்து தூணை அடைந்தது. டெலவேர் ஆற்றின் மேலுள்ள டெலவேர் மெமோரியல் பாலத்தின் நிர்வாகம் அந்த நேரத்திலேயே தன் கோபுரங்களைச் சுற்றிக் கல் நிரப்பிய எட்டுப் பெரிய பாதுகாப்பு உருளைகளைக் கட்டும் வேலையில் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், செய்ய முடியாத ஒன்றை யாரிடமும் எதிர்பார்க்கவில்லை என்பது விளங்கும்.

இறுதி அறிக்கை இதைத் தெளிவாகவே பதிவு செய்கிறது. மோதலுக்குக் காரணம் கப்பலின் மின்தடை. ஆனால் பாலம் விழுந்ததற்கும் உயிர்கள் போனதற்கும், அபாய மதிப்பீடு செய்து பாதுகாப்பை வலுப்படுத்தாததும் ஒரு காரணம் என்று வாரியம் பிரித்து எழுதியிருக்கிறது. மேரிலாந்து ஆணையம் இதை ஏற்காமல், முழுப் பொறுப்பும் கப்பல் உரிமையாளர்களையும் இயக்கியவர்களையுமே சேரும் என்று கூறியது. இரு தரப்பையும் படித்த பிறகு என் மனம் வாரியத்தின் பக்கமே நிற்கிறது. கப்பல்கள் மின்சாரம் இழப்பது அரிதான செய்தியல்ல என்பது கடலில் இருந்த எவருக்கும் தெரியும். அப்படி ஒன்று நடக்கும் என்று எதிர்பார்த்துத் தயாராக இருப்பது பாலத்தின் பொறுப்பாளர்களுடைய வேலையும்கூட.

அந்த இடைக்கால அறிக்கை 19 மாநிலங்களைச் சேர்ந்த 68 பாலங்களின் பட்டியலைத் தருகிறது. சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட், நியூயார்க்கின் புரூக்ளின் உள்ளிட்ட அவற்றின் 30 நிர்வாகங்களும் மதிப்பீட்டைச் செய்ய வேண்டும் என்று வாரியம் கேட்டுக்கொண்டது. இவை விழப்போகின்றன என்று சொல்லவில்லை, கணக்குப் போடப்படாதவை என்றே சொல்கிறோம் என்பதையும் தெளிவுபடுத்தியிருக்கிறது. பொதுமக்களைப் பதற வைக்காமலும், அதேவேளை நிர்வாகங்களைப் பெயர் குறிப்பிட்டுக் கேள்வி கேட்டும் எழுதப்பட்ட அந்த நடை பாராட்டத்தக்கது. அமெரிக்காவில் வாழும் தமிழர்கள் தங்கள் ஊர்ப் பாலம் இந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

இறந்தவர்களைப் பற்றிய பகுதிக்கு வருகிறேன். மெக்சிகோ, குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடார் ஆகிய நாடுகளிலிருந்து வந்து உழைத்தவர்கள் அவர்கள். பைலட்டின் அபாய அழைப்பு 1.27 மணியளவில் கரைக்குப் போய்ச் சேர்ந்ததும், போக்குவரத்துக் காவலர்கள் பாலத்தின் இருபுறமும் வாகனங்களை நிறுத்தினர். அந்தச் சில நொடிகளில் எத்தனையோ பேர் காப்பாற்றப்பட்டனர். பாலத்தின் மேல் இருக்கும் பணியாளர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று காவலர்கள் வாக்கி-டாக்கியில் பேசிக்கொண்டிருக்கும்போதே பாலம் விழுந்துவிட்டது. காவலர்களுக்குச் செய்தி போன அதே நேரத்தில் பணியாளர்களுக்கும் போயிருந்தால், விழாத பகுதிக்கு வண்டியை ஓட்டிச் செல்ல அவர்களுக்கு நேரம் இருந்திருக்கலாம் என்பது வாரியத்தின் முடிவு. உடனடியாகத் தகவல் சொல்ல வழி இல்லாததையும் உயிரிழப்புக்குக் காரணமாக அது சேர்த்திருக்கிறது.

இந்த முடிவை எழுதத் துணிந்ததற்காக வாரியத்தைப் பாராட்டுகிறேன். ஆனால் இதற்குக் கொடுத்த இடம் போதவில்லை என்பதே என் முதன்மையான மனக்குறை. பிரேக்கருக்கும் பம்புக்கும் பக்கம் பக்கமாக விளக்கம் தந்த அறிக்கை, பாலத்தின் மேல் வேலை பார்ப்பவர்களின் மேற்பார்வையாளருக்கும் ஆணையத்தின் கட்டுப்பாட்டு அறைக்கும் இடையே என்ன வகைத் தொடர்பு இருக்க வேண்டும், அதை யார் தினந்தோறும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதை அதே நுணுக்கத்தோடு விவரித்திருக்கலாம். நீர்வழியின் மேல் நிற்கும் பாலங்களில் இரவில் வேலை செய்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களை வேலைக்கு அனுப்பும் ஒப்பந்ததாரர் எடுத்துப் படித்து மறுநாளே பின்பற்றக்கூடிய அளவுக்கு அந்தப் பகுதி இருந்திருக்க வேண்டும்.

வாரியக் கூட்டத்தின் காணொளியைத் தவறவிட வேண்டாம் என்று பரிந்துரைக்கிறேன். விசாரணையாளர்கள் ஒவ்வொருவராகத் தம் பகுதியை விளக்க, வாரிய உறுப்பினர்கள் எல்லார் முன்னிலையிலும் அவர்களைக் கேள்வி கேட்கிறார்கள். எண்பட்டை எப்படி வயரைத் தடுத்தது என்பதை விளக்கும் அசைவுப் படம் எந்தப் பாடநூலையும்விடத் தெளிவாக இருக்கிறது. பைலட்டுகளும் கப்பலின் மேல்தளத்தில் இருந்தவர்களும் கப்பலைத் திருப்ப முயன்றனர். இழுவைப் படகை அழைத்தனர். நங்கூரத்தைப் போடச் சொன்னனர். ஆனால் பாலத்துக்கு அவ்வளவு அருகில் இயக்கம் போனதால் எதுவும் பலிக்கவில்லை என்ற முடிவு அங்கே வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. விபத்து நடந்த வாரத்தில் இந்தியப் பணியாளர்களைக் கேலி செய்து இணையத்தில் பரப்பப்பட்ட படங்களைப் பார்த்து மனம் நொந்த மாலுமிக் குடும்பங்களுக்கு அந்தச் சொற்கள் எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை என்னால் உணர முடிகிறது. அந்தப் பணியாளர்கள் வாரக்கணக்கில் கப்பலிலேயே தங்க வேண்டியிருந்தது; குற்றப் புலனாய்வு அதிகாரிகள் அவர்களுடைய கைப்பேசிகளையும் எடுத்துச் சென்றிருந்தனர். மே 13ஆம் தேதி கப்பலின் முகப்பில் கிடந்த இரும்புக் கட்டமைப்பை வெடிவைத்து அகற்றியபோதும் அவர்கள் கப்பலுக்குள்தான் இருந்தார்கள்.

குற்றப் புலனாய்வும் இந்த வாரியத்தின் விசாரணையும் வேறு வேறு என்பதைப் பயன்படுத்துவோர் புரிந்துகொள்ள வேண்டும். வாரியம் யாரையும் தண்டிப்பதில்லை. நட்ட ஈடு வாங்கித் தருவதும் இல்லை. அதன் அறிக்கையை நட்ட ஈட்டு வழக்குகளில் சான்றாகக் காட்டவே அமெரிக்கச் சட்டம் தடை விதிக்கிறது. அரசு மீட்புப் பணிக்குச் செலவிட்ட தொகைக்காகக் கப்பல் தரப்பு 2024 அக்டோபரில் ஏறத்தாழ 10.2 கோடி டாலர் தர இணங்கியது வேறொரு வழியில் நடந்தது. இழந்தவர்களுக்கு நீதி தேடுவோர் இந்த ஆவணங்களில் அதை எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். ஆனால், பழி யார் மேல் என்று தேடாத இடத்தில்தான் இயந்திர அறையில் நின்றவர் நடந்ததை நடந்தபடி சொல்ல முன்வருவார். ஃபிளஷிங் பம்ப் போன்ற செய்திகள் வெளிவருவதற்கு அந்த நம்பிக்கை வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வாரியத்தின் பரிந்துரைகள் அமெரிக்கக் கடலோரக் காவல்படை, கூட்டரசு நெடுஞ்சாலை நிர்வாகம், கப்பலைக் கட்டிய ஹூண்டாய் நிறுவனம், அதை நிர்வகித்த சினர்ஜி, தரச்சான்று வழங்கிய ஜப்பானிய அமைப்பு, டெர்மினல் பிளாக் தயாரித்த வாகோ எனப் பலருக்கும் போயிருக்கின்றன. இவற்றில் எதையும் நிறைவேற்றும்படி கட்டாயப்படுத்த வாரியத்துக்கு அதிகாரம் கிடையாது. கீ பாலத்துக்குப் பதிலாகக் கட்டப்படும் புதிய பாலத்தின் செலவு 430 கோடி முதல் 520 கோடி டாலர் வரை ஆகும் என்றும், 2030இன் பிற்பகுதியில் திறக்கப்படும் என்றும் மேரிலாந்து அறிவித்திருக்கிறது. அதோடு ஒப்பிட்டால் ஒரு பாலத்துக்கான அபாயக் கணக்கைப் போட ஆகும் செலவு பொருட்டே அல்ல. இருந்தும் பரிந்துரை மட்டுமே செய்யக்கூடிய ஓர் அமைப்பின் சொல்லுக்கு எத்தனை நிர்வாகங்கள் செவிசாய்க்கும் என்ற கவலை எனக்கு இருக்கிறது.

படிக்க நினைப்பவர்களுக்கு ஒரு வரிசையைச் சொல்கிறேன். வயர் பற்றிய அசைவுப் படத்தை முதலில் பாருங்கள். பிறகு இறுதி அறிக்கையின் சுருக்கத்தைப் படியுங்கள். அதன்பின் 2025 மார்ச் அறிக்கையை முழுமையாகப் படியுங்கள். கப்பலின் மின்பிரிவிலோ இயந்திரப் பிரிவிலோ இருப்பவர்கள் ஆவணக் கோப்பில் உள்ள டெர்மினல் பிளாக் ஆய்வையும் எரிபொருள் அமைப்பு பற்றிய பகுதியையும் தவறாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடல்சார் கல்லூரிகளில் கற்பிப்பவர்கள் இவ்விரண்டையும் வகுப்பில் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு பரிந்துரைக்கும் அதைப் பெற்றவர் என்ன பதில் தந்தார், வாரியம் அதை ஏற்றதா, இன்னும் நிலுவையில் இருக்கிறதா என்பதைத் தேடிப் பார்க்கும் வசதியும் வாரியத்தின் தளத்தில் உண்டு. அறிக்கையைப் படித்து முடித்தவர்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை அங்கே போய், 68 பாலங்களில் எத்தனைக்குக் கணக்குப் போடப்பட்டிருக்கிறது என்று பார்த்து வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.